குடவோலையும் எங்கள் ஊர்த் தீர்மான நோட்டும்

வாசகர் கேள்வி: "உத்திரமேரூரில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே தேர்தல் நடந்திருக்கிறது. இன்றைக்கு இருக்கும் கிராம ஊராட்சி அதன் நேரடித் தொடர்ச்சிதான், நடுவில் வந்த வெள்ளைக்காரன் நமக்கு எதுவும் கற்றுத்தரவில்லை என்கிறேன். மறுக்க ஆள் உண்டா?"

6 ஜூலை 2025

நான் மறுக்கிறேன். அஞ்சு வருசம் வார்டு மெம்பராக இருந்தவன் என்ற உரிமையில். 2020 ஜனவரி 6இல் பதவியேற்று 2025 ஜனவரி 5இல் வீட்டுக்கு வந்தேன். சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி, ஒன்பது வார்டு, நான் ஜெயித்தது பதினோரு ஓட்டில். அதில் ஏழு ஓட்டு என் மாமியார் வீட்டு ஓட்டு என்று இன்னும் வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள்.

உத்திரமேரூர் கல்வெட்டை நேரில் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டியே வைகுண்டப்பெருமாள் கோயில். பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஒரு மண்டபம், சுற்றிலும் சுவரில் எழுத்து. முதலாம் பராந்தகன் காலத்தது, ஒன்று 919, இன்னொன்று 921. ஊரை முப்பது குடும்பாக (இன்றைய வார்டு மாதிரி) பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு குடும்பாகக் கட்டிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பையனைவிட்டு எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். மறைவாக வேறு ஓலையைச் செருகிவிடக் கூடாதே! அந்த வரியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து விரலை விரி என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு முந்தின வருசம் எவனோ விரலை மடக்கியிருக்கிறான்.

ஆனால் அது தேர்தல் இல்லை, குலுக்கல். யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. வயது 30க்கு மேல் 60க்குள், கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, இவ்வளவும் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். பதவி 360 நாள். இந்தத் தகுதியை வைத்துப் பார்த்தால் எங்கள் ஊராட்சியில் நாங்கள் ஒன்பது மெம்பரும் வெளியேதான் நின்றிருப்போம், பிரசிடெண்டும் கூடவே.

நேரடித் தொடர்ச்சி என்பது கதை. நடுவில் பல நூற்றாண்டு ஓட்டை இருக்கிறது.

6 ஜூலை 2025, இரவு

மேலே ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதுதான் எனக்கு முக்கியம். எல்லாரும் குடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தக் கல்வெட்டில் யார் யார் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் வருவது திருடனோ பெரும்பாவம் செய்தவனோ இல்லை. ஏதாவது ஒரு வாரியத்தில், அதாவது ஊர் வேலை பார்க்கும் குழுவில், இருந்துவிட்டு "கணக்குக் காட்டாதே இருந்தாரையும்" என்று வருகிறது. அவனோடு விடவில்லை. அவன் சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மச்சான், மருமகன், அப்பன், பிள்ளை என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டிய அத்தனை உறவையும் வெட்டி எழுதி, இவர்களும் கூடாது என்கிறது.

இன்றைய சட்டத்தில் இதைப் போட்டால் எங்கள் ஒன்றியத்தில் வேட்புமனு போட ஆள் மிஞ்சாது.

9 ஜூலை 2025

முதலில் திருத்தம். கும்பகோணத்து நண்பர் ஒருவர் பிடித்துவிட்டார்: 30, 60 என்பது 919 கல்வெட்டு. இரண்டே வருடத்தில், 921இல், அதை 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றியிருக்கிறார்கள். நான் இரண்டையும் கலந்து எழுதிவிட்டேன். திருத்தியதும் கூடவே ஒரு எண்ணம் வந்தது: இரண்டு வருடத்தில் சட்டத்தைத் திருத்தவேண்டி வந்திருக்கிறது என்றால் முதல் முறை எங்கோ இடித்திருக்கிறது. இரண்டு தடவையும் ராஜா அனுப்பிய அதிகாரி கூடவே உட்கார்ந்திருக்கிறார். சபை தன்பாட்டுக்குத் தீர்மானம் போட்டது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். அந்தக் காலத்து பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது திட்டுக்கு வருவோம். "சோழனைக் குறைத்துப் பேசுகிறாய்" என்று மூன்று பேர். நான் குறைக்கவில்லை ஐயா. சபை என்பது பிரமதேயத்தில், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரில், இருந்த அமைப்பு. வெள்ளாளர் நிலம் வைத்திருந்த ஊரில் இருந்த கூட்டத்துக்குப் பெயரே 'ஊர்'. வணிகர் இடத்தில் 'நகரம்'. பல ஊர் சேர்ந்தால் 'நாடு'. உத்திரமேரூர் மாதிரி விரிவான விதி சபைகளுக்குத்தான் கிடைக்கிறது. 'ஊர்' எப்படிக் கூடியது, யார் பேசினார்கள் என்று இவ்வளவு துல்லியமாக எழுதிவைக்கவில்லை. இதற்கும் முன்னால் திருநெல்வேலிப் பக்கம் மானூரில் பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, சபையில் உட்கார யாருக்குத் தகுதி என்று அதுவும் பேசுகிறது. அதிலும் நிலமும் படிப்பும்தான்.

உழுதவன், பறையடித்தவன், மடை திறந்தவன், பெண்கள், இவர்கள் யாரும் எந்தக் குடத்திலும் இல்லை. இதைச் சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும்.

9 ஜூலை 2025, கொஞ்சம் கழித்து

சரி, கோபமாக எழுதிவிட்டேன். ஏரி வாரியத்தைப் பற்றி நல்ல விதமாகவும் சொல்லவேண்டும். முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். ஏரிக்கென்றே தனிக் குழு, அதைப் பராமரிக்க ஏரிப்பட்டி என்று தனி நிலம், அதன் வருமானம் ஏரிக்கே. நான் மெம்பராக இருந்த அஞ்சு வருசத்தில் எங்கள் கண்மாயின் மடை ஷட்டர் மாற்ற எத்தனை மனு கொடுத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது. அது எங்கள் அதிகாரத்தில் இல்லை, பொதுப்பணித் துறைக் கண்மாய் என்றார்கள். சின்னக் கண்மாய் ஒன்றியத்துக்கு, பெரிய கண்மாய் துறைக்கு, கரை மேல் உள்ள ரோடு நெடுஞ்சாலைக்கு, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரம் இன்னொரு இடத்துக்கு. எங்களுக்குச் சொந்தம் என்று இருந்தது படித்துறையில் மாட்டியிருந்த ஒரு எல்இடி பல்புதான். அதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

13 ஜூலை 2025

"வெள்ளைக்காரன் எதுவும் தரவில்லை" பகுதிக்கு வருகிறேன். தந்ததைவிட எடுத்ததுதான் அதிகம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோ ரயத்துவாரி வரி முறையைக் கொண்டுவந்தபோது சர்க்கார் ஒவ்வொரு பட்டாதாரரோடும் நேராகக் கணக்கு வைத்துக்கொண்டது. அதுவரை விளைச்சலில் ஒரு பங்கு ஊர்ப்பொதுவில் நிற்கும், அதிலிருந்துதான் கண்மாய் மராமத்தும் மடை பார்ப்பவர் கூலியும் நடக்கும். அந்தப் பங்கு கரைந்தது. ஆனால் இதே மன்றோதான் ஊர்ப் பஞ்சாயத்து நல்லது என்று வாதாடியவர், 1816இல் கிராம முன்சீபுக்கும் பஞ்சாயத்துக்கும் சின்ன வழக்குகளைத் தீர்க்க விதிமுறை வந்தது. கையில் இருந்த காசை எடுத்துக்கொண்டு கௌரவத்தைக் கொடுத்தார் என்று என் அப்பா சொல்வார். அப்பா மன்றோவைப் படித்தவர் இல்லை, ஒன்றிய அலுவலகத்தைப் பார்த்தவர். அவர் சொன்னது வேறு யாரையோ, நான் இங்கே ஒட்டிக்கொள்கிறேன்.

அப்புறம் 1882இல் வைஸ்ராய் ரிப்பனின் உள்ளாட்சித் தீர்மானம், 1884இல் சென்னை மாகாண லோக்கல் போர்டு சட்டம். சில ஊர்களைச் சேர்த்து யூனியன் என்று பெயர் வைத்து விளக்கு, தெரு, சாக்கடை. யூனியன் என்ற வார்த்தை அப்போதே வந்துவிட்டது பாருங்கள், இன்றைக்கும் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை யூனியன் ஸ்கூல் என்றுதான் சொல்வார்கள். 1920இல் தனியாகக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம். ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிற வேலை இந்த வழியாகத்தான் கிராமத்துக்கு வந்தது, குடத்தின் வழியாக வரவில்லை. அதனால் வெள்ளைக்காரனுக்கு மாலை போடச் சொல்லவில்லை, வந்த வழியைச் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்த பிறகு அரசியலமைப்பு வரைவில் கிராமப் பஞ்சாயத்து என்ற பேச்சே இல்லை. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய அவையில் கிராமத்தைப் பற்றிப் பேசியதைத் தேடிப் படியுங்கள். குறுகிய புத்தியும் அறியாமையும் குடியிருக்கிற இடம் என்ற பொருளில் பேசினார், கிராமம் தனிமனிதனை விழுங்கிவிடும் என்ற பயம் அவருக்கு. காந்தியவாதிகளுக்குக் கோபம். அந்த மாதமே நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம் திருத்தம் கொண்டுவந்து, அதுதான் 40ஆவது பிரிவானது. அரசு பஞ்சாயத்துகளை அமைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிற வழிகாட்டுதல், அவ்வளவே. கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாது.

இருபது வயதில் அம்பேத்கர் பேசியதைப் படித்தபோது 'நம் ஊரை இப்படிச் சொல்லிவிட்டாரே' என்றிருந்தது. மெம்பரான பிறகு மறுபடி படித்தேன்.

14 ஜூலை 2025

"மறுபடி படித்து என்ன ஆச்சு" என்று கேட்டிருக்கிறார்கள். வருகிறேன், அவசரப்படாதீர்கள். இன்று கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது.

20 ஜூலை 2025

மோட்டார் காயில் கட்டியாயிற்று.

1958 சட்டம், காமராஜர் காலம். 1960 அக்டோபர் 2இல் ஆரம்பித்துப் படிப்படியாக ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. பள்ளிக்கூடம், ரோடு, கிணறு எல்லாம் ஒன்றியம் வழியாக. எங்கள் ஊருக்கு முதல் தார் ரோடு அப்போதுதான் வந்தது, அதற்கு முன்னால் வண்டித்தடம். 1970இல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 1986. நடுவில் பதினாறு வருசம்! என் அப்பா 1970இல் முதல் ஓட்டுப் போட்டவர், அடுத்த ஊராட்சி ஓட்டு போடும்போது எனக்கு மூன்று வயது. அந்தப் பதினாறு வருசத்தில் பெரும்பகுதி தனி அலுவலர் ஆட்சி. 1991இல் அந்தக் காலமும் முடிந்து மறுபடி இடைவெளி. பஞ்சாயத்துகளுக்கான அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் அமலுக்கு வந்து, மாநிலச் சட்டம் 1994இல் வந்து, அதன்படி 1996இல் தேர்தல் நடந்த பிறகுதான் அஞ்சு வருசத்துக்கு ஒருமுறை என்பது ஓரளவு நிலைத்தது. ஓரளவு என்றேன், ஏனென்றால் 2016இல் தேர்தல் அறிவித்து, அதை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, மூன்று வருசத்துக்கு மேல் தனி அலுவலர். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்ததில்தான் நான் வந்தேன். இப்போது எங்கள் காலம் முடிந்து ஆறு மாசம் ஆகிறது, திரும்பவும் தனி அலுவலர்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி: தனி அலுவலர் என்பவர் வில்லன் இல்லை, பிடிஓதான். அவருக்கு எங்கள் ஊர் மாதிரி நாற்பது ஊர். கடைசி வீட்டுக் குழாயில் தண்ணி வரவில்லை என்று யார் போய் அவர் கதவைத் தட்டுவது? என் வீட்டுக் கதவை ராத்திரி பத்து மணிக்குத் தட்டினார்கள். இப்போதும் தட்டுகிறார்கள், பதவி போனது தெரியாத மாதிரி.

20 ஜூலை 2025, இரவு

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. பதினாறு வருசம் ஊராட்சி இல்லை, ஊர் எப்படி நடந்தது? அப்பாவிடம் கேட்டேன். "ஊர் இருந்துச்சுல்ல" என்றார்.

இதுதான் நான் முதல் நாளே சொல்லியிருக்கவேண்டியது. எங்கள் பக்கம் இரண்டு சபை இருக்கிறது. ஒன்று ஊராட்சி, அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்த கட்டடம், கொடிக்கம்பம், பீரோ. இன்னொன்று 'ஊர்'. அதற்குக் கட்டடம் கிடையாது, அம்மன் கோயில் வேப்பமரத்தடி. வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனால் புதுத் தலைக்கட்டு, கைம்பெண் வீட்டுக்கு அரை வரி. திருவிழா, கோயில் மராமத்து, கண்மாய் மீன் எல்லாம் ஊர் பார்க்கும்.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள் கணக்கு வாசிப்பார்கள். மைக் போட்டு. "சீரியல் செட்டு பதினாலாயிரம், வாழைமரம் எட்டு சோடி, மேளம் முன்பணம் மூவாயிரம் போகப் பாக்கி…" ஒரு கோடித்துணி வாங்கியது வரை வரும். "எட்டு சோடியா? நான் எண்ணினேன் ஆறுதான் இருந்துச்சு" என்று ஒருவர் எழுந்து நிற்பார், அன்றைக்கு அரைமணி நேரம் வாழைமரத்தில் போகும். கணக்குக் குறைந்தவனைத் திரும்பப் பொறுப்பில் போடமாட்டார்கள். அவன் தம்பியையும் போடமாட்டார்கள்.

கவனித்தீர்களா, உத்திரமேரூர் விதி! யாரும் கல்வெட்டைப் படித்துச் செய்யவில்லை.

ஆகவே நான் 6ஆம் தேதி சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். தொடர்ச்சி என்று ஏதாவது இருந்தால் அது பச்சைப் பெயின்ட் கட்டடத்தில் இல்லை, வேப்பமரத்தடியில் இருக்கிறது. நூல் பிடித்து நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது, சாயல் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

21 ஜூலை 2025

"அப்படியென்றால் ஊராட்சியைக் கலைத்துவிட்டு ஊரிடமே கொடுத்துவிடலாமே" என்று மலேசியாவிலிருந்து ஒரு நண்பர். இதற்குத்தான் பயந்தேன்.

தலைக்கட்டு நோட்டில் காலனி வீடுகள், அதாவது தலித் வீடுகள், இல்லை. ஒன்றுகூட இல்லை. என் வார்டில் 212 ஓட்டு, அதில் 70க்கு மேல் காலனி ஓட்டு. அவர்களிடம் ஊர் வரி வாங்குவதில்லை, அதைச் சலுகை மாதிரி சொல்வார்கள். வரி வாங்கினால் மரத்தடியில் உட்கார இடம் தரவேண்டுமே. பெண்களும் அங்கே உட்காருவதில்லை. தள்ளி நின்று கேட்பார்கள், கணக்கில் தப்பு இருந்தால் வீட்டில் போய்ப் புருசனிடம் சொல்வார்கள்.

அம்பேத்கரை மறுபடி படித்து என்ன ஆச்சு என்று கேட்டீர்களே, இதுதான். நானும் அந்த நோட்டில் ஒரு தலைக்கட்டு. என் பெயர் பக்கம் பதினேழில் இருக்கிறது.

1996இல் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கென்று தனித்தொகுதியாக ஒதுக்கியதும் என்ன நடந்தது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். பத்து வருசம், மனுத் தாக்கலுக்கே ஆள் இல்லை, இல்லையென்றால் ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா. 2006இல்தான் முறையான தலைவர்கள் வந்தார்கள். மேலவளவில் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர் செய்த குற்றம் ஒதுக்கப்பட்ட பதவிக்கு நின்று ஜெயித்தது.

இதையெல்லாம் செய்தது கட்சியோ சர்க்காரோ இல்லை. 'ஊர்'. கணக்கு சுத்தமாக வாசிக்கும் அதே மரத்தடி.

22 ஜூலை 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் மச்சான் போன் செய்தான். "ஊரை ஏன் சந்தி சிரிக்க வைக்கிறாய்." ஊர் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லையே மாப்பிள்ளை.

27 ஜூலை 2025

கொஞ்சம் இலேசாகப் போவோம். பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று: விஏஓவுக்கும் (கிராம நிர்வாக அலுவலர்) ஊராட்சிக்கும் சம்பந்தமில்லை. பட்டா, சிட்டா, அடங்கல் அவர், அவர் வருவாய்த்துறை. பழைய முன்சீபு, கர்ணம் (ஊர்க் கணக்கர்) பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்த பிறகு வந்த பதவி அது. அதற்கு முன்னால் கர்ணம் வேலை அப்பனுக்குப் பின் பிள்ளை. கர்ணம் நினைத்தால் உங்கள் வயல் நஞ்சையாகும், நினைக்காவிட்டால் புஞ்சையாகும் என்பார்கள். ஊராட்சியில் எழுதப் படிக்க இருப்பவர் ஊராட்சிச் செயலாளர், ஊரில் எல்லாரும் கிளார்க் என்போம். பிரசிடெண்ட் மாறுவார், கிளார்க் மாறமாட்டார். ரசீது புத்தகம், செக்கு, எம் புக் (செய்த வேலையின் அளவு எழுதும் நோட்டு) எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர்.

செக்கு என்றதும் ஞாபகம். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசு எடுக்கமுடியும். சட்டம் போட்டவர் ஒருத்தரை ஒருத்தர் கண்காணிப்பார்கள் என்று நினைத்திருப்பார். எங்கள் ஊரில் துணைத் தலைவர் கோபித்துக்கொண்டு தேவகோட்டையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், தண்ணித் தொட்டி ஆப்பரேட்டருக்கு மூன்று மாசம் சம்பளம் இல்லை. ஆப்பரேட்டர் பாவம், தொட்டி மேலே ஏறி நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்றார். மெம்பர்கள் எல்லாம் கீழே நின்று கெஞ்சினோம். கடைசியில் அவர் சம்சாரம் வந்து ஒரு சத்தம் போட்டதும் இறங்கினார்.

பெண்களுக்கு மூன்றில் ஒன்றாக இருந்தது 2016இல் பாதியானது. "பிரசிடெண்ட் வீட்டுக்காரர்" என்ற பதவியும் கூடவே வந்தது, அது எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கள் தலைவரும் பெண்தான். முதல் வருசம் கூட்டத்துக்கு வீட்டுக்காரர் வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்தார், அம்மா ஓரத்தில். இரண்டாம் வருசம் அம்மா நடுவில், அவர் ஓரத்தில். நான்காம் வருசம் அவரை வெளியே டீக்கடையில் இருக்கச் சொல்லிவிட்டார் அந்த அம்மா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, காசோலையில் யார் கையெழுத்து செல்லும் என்பது மெதுவாகப் புரிந்திருக்கிறது.

3 ஆகஸ்ட் 2025

மீன் விவகாரம் என்ன என்று இரண்டு பேர் கேட்டீர்கள். சொன்னால் என் தப்பையும் சொல்லவேண்டும், அதனால்தான் தள்ளிப்போட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு சின்னக் கண்மாய். காகிதப்படி அதன் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகை ஊராட்சிக்கு வரவு. நடப்பில் ஊர்தான் ஏலம் விடும், காசு அம்மனுக்கு. தண்ணி வற்றும்போது ஒருநாள் மீன்பிடித் திருவிழா, பெரியவர் கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார், ஊத்தாவோடு (மீன் பிடிக்கும் கூடை) அத்தனை பேரும் இறங்குவார்கள். அன்றைக்கு மட்டும் காலனிக்காரர்களும் இறங்குவார்கள், கிழக்குக் கரைப் பக்கமாக. ஊர் முழுக்க அன்று ராத்திரி மீன்குழம்பு வாசம்தான்.

2021இல் ஊராட்சிக் கூட்டம். கிளார்க் தீர்மான நோட்டை நீட்டினார். மேலே 'கூட்டப் பொருள்' என்று தேதியோடு ஒரு வரி, கீழே எங்கள் ஒன்பது பேர் பெயர், நடுவில் இரண்டு பக்கம் வெள்ளையாக. "அப்புறம் எழுதிக்கிறேன், நீங்க போட்டுட்டுப் போங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு." போட்டேன். என்னைப் போல எட்டு பேரும் போட்டார்கள். வருகைப் பதிவுக்கு என்று நினைத்துக்கொண்டோம், இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

ஒரு வருசம் கழித்து வேறு எதற்கோ அந்த நோட்டைப் புரட்டும்போது பார்த்தேன். அந்த வெள்ளைப் பக்கத்தில் நான்காவது தீர்மானம்: கண்மாய் மீன்பாசி ஏலத்துக்கு யாரும் முன்வராததால் வருமானம் இல்லை என்று மன்றம் பதிவு செய்கிறது. கீழே என் கையெழுத்து. அந்த வருசம் மரத்தடியில் அதே மீன் 46,000 ரூபாய்க்குப் போனது, ஏலத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

யாரும் பாக்கெட்டில் போடவில்லை, 46,000மும் கோயில் கோபுரச் சிமெண்டாக நிற்கிறது. அப்படிச் சொல்லித்தான் நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அது ஊராட்சிக்கு வந்திருந்தால் காலனிக்குப் போகும் சாக்கடை மூடிக்கு ஆகியிருக்கும். நிதிக்குழுப் பணத்தில் நூற்றுக்கு அறுபது தண்ணீர், சுகாதாரம் என்று முடிச்சுப் போட்டே வரும், மிச்சத்தில் எதைச் செய்யலாம் என்பதிலும் ஆயிரம் எஸ்டிமேட். கையில் சுதந்திரமாகப் புரளும் காசு என்றால் இந்த மாதிரி குத்தகைதான். அதைத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து விரலை விரி என்று எழுதியவனைப் பார்த்து முதல் நாள் சிரித்தேன் இல்லையா.

4 ஆகஸ்ட் 2025

"தகவல் உரிமைச் சட்டத்தில் போடு, கலெக்டரிடம் போ" என்று ஆலோசனை சொன்னவர்களுக்கு நன்றி. என் கையெழுத்தை எதிர்த்து நானே மனுப் போடுவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

17 ஆகஸ்ட் 2025

15ஆம் தேதி கிராம சபை. தனி அலுவலர் சார்பில் ஒருவர் வந்திருந்தார், நல்ல மனிதர், அதே நாளில் இன்னும் இரண்டு ஊருக்குப் போகவேண்டும் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர் அளவுக்கு நூறு பேர் இருந்தால் செல்லும். நூறு நாள் வேலைக்காரப் பெண்களைக் கூட்டி வந்திருந்தார்கள், அதனால் எண்ணிக்கைக்குக் குறைவில்லை.

வரவு செலவு வாசித்தார்கள், ஒரு ஏ4 தாள். இரண்டு நிமிடம். "இதர வருவாய்" என்று ஒரு வரி. நான் எழுந்து, இதர வருவாயில் மீன் இருக்கிறதா என்றேன். பின்னாலிருந்து என் சொந்தக்காரர் ஒருவர் இருமினார். அந்த இருமலுக்கு அர்த்தம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கிளார்க் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்களே கையெழுத்துப் போட்டதுதானே" என்றார். ஆமாம் என்றேன். தப்பு என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அப்போது காலனியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, தண்ணித் தொட்டி சுத்தம் செய்பவர், உட்கார்ந்தபடியே கேட்டார்: "எங்ககிட்ட ஊர் வரி வாங்கிக்கிட்டு எங்களையும் மரத்தடிக் கணக்குல உக்கார வைங்க, இல்லாட்டி மீனை இங்க கொண்டாந்து ஏலம் விடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." ஒரு மாசமாக நான் இங்கே பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்ததை அந்த அம்மா ஒரே மூச்சில் முடித்துவிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. வந்திருந்த அதிகாரி, "அடுத்த மீன்பாசி ஏலத்தை ஊராட்சி அலுவலகத்தில் அறிவிப்போடு நடத்தலாமா?" என்று கேட்டார். பெண்கள் பக்கம் கை உயர்ந்தது. ஆண்கள் பக்கம் பாதி.

நடக்குமா என்று கேட்காதீர்கள். தண்ணி வற்ற இன்னும் மாசம் கிடக்கிறது, அதற்கு முன்னால் மழையே வரவேண்டும்.

நோட்டில் கையெழுத்து வாங்க வந்தபோது, தீர்மானத்தை முதலில் எழுதுங்கள் என்றேன். எழுதினார். வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதன் கீழே நான்கு விரற்கடை இடம் வெள்ளையாகக் கிடந்தது. பேனாவை வாங்கி மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துவிட்டு, அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். மடியில் வைத்து இழுத்ததால் கோடு கோணல்.